தப்பிய விபத்துக்களும் அவற்றை அறிவித்தலும்: திருக்கோணமலைத் துறைமுகத்தை முன்னிட்ட ஓர் ஆய்வு

திருக்கோணமலையில் சுவாமி மலை எனப்படும் செங்குத்துப் பாறையின் ஒரு புறத்தில், கடலை நோக்கிப் பிளந்து கிடக்கும் ஆழ்ந்த பிளவொன்று உண்டு. அதனை 'இராவணன் வெட்டு' என்று ஊரார் வழங்குவர். தாயின் வழிபாட்டின் பொருட்டுக் கோணேசப் பெருமான் எழுந்தருளிய மலையையே பெயர்த்தெடுக்க இலங்கை வேந்தன் முயன்றான் என்பதும், அம்முயற்சி முற்றுப்பெறாமைக்கு அப்பிளவு சான்றாய் நிற்கின்றது என்பதும் வழிவழி வந்த ஐதிகம். அதன் சமயப் பொருள் வேறு. ஆயினும், பெரும் பாரத்தைத் தூக்குதல் பற்றிய கதையொன்றைத் தன் வாயிலிற் பொறித்து வைத்திருக்கும் இவ்வூர், பாரந் தூக்குந் தொழிலால் வாழும் துறைமுகமாகவும் அமைந்தமை பொருத்தமுடையதே.

இயற்கையாய் அமைந்த ஆழமான துறைமுகங்களுள் உலகம் வியக்கும் ஒன்று இது. வாடைக்காற்று வீசுங் காலத்தும் கச்சான் வீசுங் காலத்தும் கப்பல்கள் இதனுள் அமைதியாகத் தங்கலாம். 1927ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை இங்கு வந்து சேர்ந்தது. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை நீங்கியது. 1979ஆம் ஆண்டில் இலங்கைத் துறைமுக அதிகார சபை நிறுவப்பெற்றது. கோதுமையும் சீமெந்துக்குரிய மூலப்பொருளும் இறக்கப்படுதற்கும், படகுகள் பழுது பார்க்கப்படுதற்கும், இயந்திரங்களும் இரும்பும் ஏற்றி இறக்கப்படுதற்கும் உரிய இடங்கள் சீனக்குடா தொடங்கிக் கொட்பே வரை குடாவைச் சூழ்ந்துள்ளன. இவ்விடங்களில் எல்லாம் பொதுவாக நிகழும் செயல் ஒன்றே: மனிதர் தலைக்கு மேலே பாரம் எழுகின்றது; நகர்கின்றது; இறங்குகின்றது. அங்ஙனம் எழுந்த பாரம் தவறி விழுந்தும் எவர்க்கும் ஊறு நேராது ஒழியுமாயின் அந்நிகழ்ச்சியை என் செய்வது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

1944ஆம் ஆண்டின் நிகழ்ச்சி

இத்துறைமுகத்தில் தவறிய பாரங்களுள் மிகப் பெரியது ஒரு போர்க்கப்பல். இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பம்பாயிற் கட்டப்பெற்று, கடல்வழியே இழுத்துவரப்பெற்ற மிதக்கும் மேடையொன்று இங்கே நிறுத்தப்பட்டிருந்தது. இத்தகைய மேடை வேலை செய்யும் முறை எளிது. அதன் அடியிலும் பக்கச் சுவர்களிலும் பல அறைகள் உண்டு. அவ்வறைகளில் நீரை நிரப்பினால் மேடை தாழும். கப்பல் அதனுள்ளே நுழையும். பின்னர் நீரை வெளியே இறைத்தால் மேடை கப்பலையுஞ் சுமந்துகொண்டு மேலெழும். கப்பலின் அடிப்பாகம் நீருக்கு வெளியே வர, பழுது பார்க்கும் வேலை தொடங்கும். திருக்கோணமலையிலிருந்த மேடை 50,000 தொன் பாரத்தை உயர்த்தத்தக்கதாக அமைக்கப்பட்டது.

1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் 'வேலியன்ற்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் அதன்மீது உயர்த்தப்பட்டது. கப்பலின் பாரம் 30,000 தொன்னுக்கு மேற்பட்டது. ஆயினும் மேடையின் ஆற்றலுக்கு உட்பட்டதே. கப்பலிலோ வெடிமருந்தும் குண்டுகளும் நிறைந்திருந்தன. கப்பலின் பாரம் எவ்வெவ்விடத்தில் எவ்வளவு தாங்குகின்றது என்பதற்கு இசைய அறைகளின் நீர் இறைக்கப்படவில்லை. இறைத்த வரிசை தவறியது. அதனால் மேடையின் உடல் வளைந்தது, அதன் முதுகெலும்பு முறிந்தது, மேடை மூழ்கியது. கப்பல் மூழ்காது தப்பியது. எனினும் அதன் உட்புறச் சுழலிகள் இரண்டும் சுக்கானும் இறுகிப் பழுதடைந்தன. மெல்ல ஊர்ந்து சுயெஸ் வரை சென்ற அக்கப்பல், கால்வாயைக் கடக்கும் நிலையில் இல்லாமையால், அங்கே நீர்மூழ்குவோரால் அச்சுத்தண்டுகள் நீக்கப்பெற்றுப் பின்னரே தாயகம் திரும்பிற்று. மீண்டும் அது போர்முகம் காணவில்லை. 1948ஆம் ஆண்டில் உடைத்தற்கு விற்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி புலப்படுத்தும் உண்மை ஒன்று ஈண்டு நோக்கற்பாலது. மொத்த ஆற்றல் போதியதாயிருந்தது. பாரம் அவ்வாற்றலுக்கு உட்பட்டதாயிருந்தது. அவ்வாறாகவும் தூக்குதல் தவறியது. தூக்குங் கருவியின் வலியும் தூக்கப்படும் பொருளின் எடையும் மாத்திரம் அறிந்தாற் போதாது. பாரம் எங்கே எவ்வாறு தங்குகின்றது என்பதும், எச்செயல் எதற்கு முன்னர் நிகழல் வேண்டும் என்பதும் அறியப்படல் வேண்டும். இவ்வறிவு பெரும்பாலும் நூலிலிருந்து வருவதன்று. வேலை செய்வோர் நாடோறும் காணும் சிறு தவறுகளிலிருந்து திரட்டப்படுவது.

போர்க்கப்பல் மேடையோடு வீழ்ந்த செய்தியை எண்பதாண்டு கடந்தும் கடற்படை வரலாறு மறக்கவில்லை. ஆனால், அதே துறைமுகத்தின் இறங்குதுறையொன்றிற் கட்டவிழ்ந்து விழுந்து, ஆளில்லாத தரையிற் சிதறிய இரும்புக்கட்டு ஒன்றின் செய்தி அன்று மாலையே மறக்கப்படும். பின்னையதை எழுதி வைத்தலே முன்னையது போன்றதைத் தடுக்கும் வழி என்பது இக்கட்டுரையிற் காட்டப்படும்.

பெயரும் பொருளும்

தீங்கு நேர்தற்குரிய ஏதுக்கள் எல்லாம் ஒன்று கூடியும், ஒரு கணமோ ஒரு முழமோ இடையிட்டமையால் எவர்க்கும் ஊறு நேராது ஒழிந்த நிகழ்ச்சியைத் 'தப்பிய விபத்து' எனலாம். கொளுக்கியினின்று கயிறு நழுவுதல், தூக்கிய பாரம் காற்றில் அலைந்து கப்பலின் விளிம்பை உரசுதல், கட்டுக்குள்ளிருந்து ஒரு குழாய் உருவி விழுதல், இணைப்பு வளையத்தின் ஆணி கழன்று தொங்குதல், பாரந்தூக்கியின் ஒருபுறச் சக்கரம் தரையைவிட்டு எழுந்து மீளப் படிதல், தூக்கிய பாரத்தின் கீழே ஒருவர் அறியாது நடந்து போதல் ஆகியன எல்லாம் இவ்வகையின.

தமிழ் வழக்கில் இந்நிகழ்ச்சிகளுக்கென்றே அமைந்தது போன்ற பழமொழியொன்று உண்டு: 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று'. ஆபத்து நீங்கிய ஆறுதலை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது. ஆனால் அப்பழமொழியின் இறுதிச் சொல்லே ஆராய்தற்குரியது. உண்மையில் 'போயிற்று' எனத் தக்கது யாது? விழுந்த பாரம் போயிற்று. விழச் செய்த ஏது போகவில்லை. தேய்ந்த வடம் கொளுக்கியிலேயே இருக்கின்றது. ஆள் நின்ற இடத்திலேதான் நாளையும் ஆள் நிற்பர். ஆகவே, தலைப்பாகையோடு போனது மீண்டும் தலையை நாடி வருதற்கு வழி திறந்தே கிடக்கின்றது.

விழும் பாரத்தின் கணக்கு

பிற தொழில்களில் நேருந் தவறுகளுக்கும் பாரந் தூக்குதலில் நேருந் தவறுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. பாரந் தூக்குதலில், தப்பிய நிகழ்ச்சிக்கும் உயிர் போக்கிய நிகழ்ச்சிக்கும் இடையேயுள்ள தொலைவு பெரும்பாலும் நிற்பவனுடைய இடத்தை மாத்திரம் பொறுத்தது. பௌதிக நூல் கற்கும் மாணவர் இதனை எளிதிற் கணக்கிட்டறியலாம். 10 மீற்றர் உயரத்திலிருந்து நழுவும் பொருள் தரையை அடைய ஏறத்தாழ 1.4 செக்கனே ஆகும். தரையைத் தொடும்போது அதன் வேகம் செக்கனுக்கு 14 மீற்றர். அஃதாவது மணிக்கு 50 கிலோமீற்றர். 50 கிலோகிராம் நிறையுள்ள சீமெந்துப் பைகள் இருபது ஒரு தட்டில் அடுக்கப்பட்டு அவ்வுயரத்திலிருந்து விழுமாயின், அதன் தாக்கம் அவ்வேகத்தில் ஓடிவரும் 1 தொன் நிறையுள்ள மோட்டார் வண்டியின் தாக்கத்தை ஒக்கும். மேலே நிற்பவன் கூவிய குரல் கீழே நிற்பவன் செவியிற் பட்டு, அவன் தலை நிமிர்ந்து, கால் பெயர்வதற்குள் அந்த 1.4 செக்கனின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆதலின், 'விழும்போது விலகிக் கொள்ளலாம்' என்னும் நம்பிக்கை கணக்கிற்கு ஒவ்வாதது.

இரண்டாவது, கட்டும் வடத்தின் கோணம். 1,000 கிலோகிராம் பாரத்தை இரு வடங்கள் நேர்செங்குத்தாகத் தாங்கினால் ஒவ்வொன்றின் மீதும் 500 கிலோகிராம் இழுவை உண்டாம். இரு வடங்களுக்கும் இடையேயுள்ள கோணம் 60 பாகையாயின் ஒவ்வொன்றின் இழுவையும் ஏறத்தாழ 577 ஆகும். 90 பாகையாயின் 707. 120 பாகையாயின் 1,000. கோணம் 150 பாகை வரை விரியுமாயின் ஒவ்வொரு வடமும் 1,930 கிலோகிராமுக்கு மேல் இழுவை தாங்கல் வேண்டும். பாரம் மாறவில்லை, வடம் மாறவில்லை, கட்டிய முறை மாத்திரம் மாறியது. குறுகிய வடத்தால் அகன்ற பெட்டியைக் கட்டுந் தொழிலாளி, எடையை மிகைப்படுத்தாமலே வடத்தின் எல்லையை மீறிவிடுகின்றான்.

மூன்றாவது, திடீரென்று இழுத்தல். மெல்ல ஏற்றப்படும் பாரத்தினும், திடீரென ஏற்றப்படும் பாரம் வடத்தில் இருமடங்கு தகைப்பை உண்டாக்கும். தளர்ந்து கிடந்த வடம் சடுதியாக இறுகின் அது மேலும் மிகும். நான்காவது, காற்று. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு இயைய மிகுவது. வேகம் இருமடங்காயின் விசை நான்கு மடங்காகும். கச்சான் காலத்துப் பிற்பகலில் அகன்ற தகடொன்றைத் தூக்குவோர் இதனை நன்கு அறிவர். இவற்றோடு கடற்கரையின் உப்புக் காற்று உருக்கு வடத்தின் இழைகளுக்கிடையே புகுந்து உள்ளிருந்தே அரித்தலையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும். மென்மையான இறகும் அளவு மீறினால் வண்டியை முறிக்கும் என வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்திய உண்மையே இக்கணக்குக்களின் சாரம் எனலாம்.

எண்ணிக்கை கூறுவது யாது?

தப்பிய விபத்துக்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் கருத்தைத் தொழிலுலகிற் பரப்பியவர் அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமொன்றிற் கடமையாற்றிய ஹென்றிச் என்பவர். 1931ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், ஒரே தன்மையான 330 நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டால் 300 நிகழ்ச்சிகள் ஊறின்றியும், 29 சிற்றூறோடும், 1 பேரூறோடும் முடியும் என்று அவர் கூறினார். 1969ஆம் ஆண்டில் பிராங் பேட் என்பவர், 297 நிறுவனங்கள் அறிவித்த பதினேழு இலட்சத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, பேரூறு 1, சிற்றூறு 10, பொருட்சேதம் 30, யாதொரு சேதமுமின்றித் தப்பியவை 600 என்னும் விகிதத்தை வெளியிட்டார்.

இவ்வெண்களை இயற்கை விதி போலக் கொள்ளுதல் பிழை. ஹென்றிச் பயன்படுத்திய மூலப் பதிவுகள் பிற்கால ஆராய்ச்சியாளர்க்குக் கிட்டவில்லை. அன்றியும், விரலிற் சிராய்ப்பு உண்டாக்கும் ஏது வேறு. உயிரைப் போக்கும் ஏது வேறு. சிராய்ப்புக்களைக் குறைத்தமையால் மரணங்களும் தாமே குறையும் என்று எதிர்பார்த்தல் தகாது. எனவே, பாரந் தூக்குதலில் எண்ணிக்கையினும் தரமே முதன்மையானது. ஒரு நிகழ்ச்சியைக் குறித்துக் கேட்கத்தக்க வினா 'என்ன நேர்ந்தது?' என்பது மாத்திரமன்று. 'அவ்விடத்தில் ஒருவன் நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?' என்பதுமாகும். அவ்வினாவுக்கு விடை மரணம் என்றிருக்குமாயின், யாரும் காயமுறவில்லை என்னுங் காரணத்தால் அந்நிகழ்ச்சியைச் சிறியதென ஒதுக்குதல் அறிவுடைமையாகாது.

வங்காள விரிகுடாவின் மறுகரையிலுள்ள விசாகப்பட்டினக் கப்பல் கட்டுந் துறையில், 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள், பாரந்தூக்கியொன்று சோதித்துப் பார்க்கப்படுகையிற் சரிந்து வீழ்ந்தமையால் 11 பேர் மாண்டனர். பாரத்தின் கீழும் பாரந்தூக்கியின் அருகும் மனிதர் நிற்பதற்கும் நில்லாமைக்கும் உள்ள வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை அந்நாள் காட்டியது.

மௌனத்தின் காரணங்கள்

இத்துணை நன்மை பயக்கும் செய்தியைத் தொழிலாளர் ஏன் சொல்லாது விடுகின்றனர்? அறியாமையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையன்று. முதற் காரணம் அச்சம். 'கயிறு நழுவியது' என்று சொல்பவனை நோக்கி 'கட்டியவன் யார்?' என்ற வினாவே முதலில் எழுமாயின், மறுநாள் எவனும் வாய் திறவான். நாட்கூலிக்கு வருபவனுக்கோ நாளைய வேலையே ஐயப்பாடு. தன் குடும்பத்தின் உணவையும், இன்னும் நேராத விபத்தொன்றையும் ஒரே தராசில் இட்டால் எது தாழும் என்பது சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாங் காரணம் தோழமை. தன்னோடு உண்டு உறங்கி உழைப்பவனைக் காட்டிக் கொடுப்பதாக அறிவித்தல் கருதப்படுகின்றது. மூன்றாவது, வேலையின் அவசரம். கப்பல் துறையில் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பணம் உண்டு. 'ஒருவருக்கும் ஒன்றுமில்லையே தம்பி, வேலையைப் பார்' என்று மேற்பார்வையாளர் கூறுவது கொடுமையால் அன்று. அவருக்கும் மேலே ஒருவர் மணி பார்த்துக் கொண்டிருப்பதால். நான்காவது, மொழி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே உழைக்கும் இத்துறையில், அறியாத மொழியில் அச்சிட்ட படிவம் ஒருவன் முன் வைக்கப்படுமாயின் அது வாய்ப்பூட்டாகவே அமையும்.

ஐந்தாவது காரணம் மென்மையாக நோக்கத்தக்கது. பேரிடரினின்று தப்பியவன் பத்திரகாளி அம்மன் கோயிலிலே தேங்காய் உடைத்துத் தன் நன்றியைச் செலுத்துகின்றான். நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசுதல் ஆகாது என்று வீட்டார் தடுக்கின்றனர். இறைவனுக்கு நன்றி கூறுதல் மிகவும் தக்கதே. ஆயினும், தன்னைக் காத்த அருளுக்கு ஒருவன் செய்யத்தக்க கைம்மாறு, நாளை அவ்விடத்தில் நிற்கப்போகும் மற்றொருவனையும் காத்தலாகும். வழிபாடும் அறிவித்தலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

வானூர்தித் துறை காட்டிய வழி

மௌனத்தின் விலை யாது என்பதையும், அதனை நீக்கும் வழி யாது என்பதையும் தெளிவாகக் காட்டியது வானூர்திப் போக்குவரத்து. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், வாசிங்டன் நகருக்கு அண்மையிலுள்ள டலஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிய பயணிகள் விமானம் ஒன்று மலையொன்றில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். இறங்குதற்குத் தரப்பட்ட அனுமதியை விமானிகள் ஒரு பொருளிலும் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் வேறொரு பொருளிலும் கொண்டமை அவ்விபத்தின் ஏதுக்களுள் ஒன்றாகக் காணப்பட்டது. பின்னர் நிகழ்ந்த விசாரணையில் வேறொரு செய்தியும் வெளிப்பட்டது. ஆறு வாரங்களுக்கு முன்னர், மற்றொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே மயக்கத்தால் மலையில் மோதாது மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அவ்வெச்சரிக்கை பிறர் செவிக்கு எட்டவில்லை. தலைப்பாகையோடு போனது ஆறே வாரத்தில் 92 தலைகளைத் தேடி வந்தது.

இதன் விளைவாக 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வானூர்திப் பாதுகாப்பு அறிவிப்பு முறையொன்று தொடங்கப்பெற்றது. அதன் அமைப்பிற் கருதத்தக்க பண்புகள் மூன்று. அறிவிப்புக்களைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரமுடைய திணைக்களமன்று. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய நாசா என்னும் நடுநிலை நிறுவனம். அறிவித்தவர் யார் என்பதைக் காட்டும் குறிப்புக்கள் நீக்கப்பட்ட பின்னரே செய்தி பதிவு செய்யப்படும். கருதாது செய்த பிழையைப் பத்து நாட்களுக்குள் அறிவித்தவருக்குத் தண்டத்தினின்று பாதுகாப்பு உண்டு. வேண்டுமென்று செய்த குற்றத்துக்கு இப்பாதுகாப்பு இல்லை. எனவே, இது குற்றவாளிக்கு மறைவிடமன்று, உண்மைக்கு வாயில். பிரித்தானியாவில் 1982ஆம் ஆண்டில் வானூர்தித் துறைக்கென இவ்வாறு தொடங்கிய அமைப்பு, 2003ஆம் ஆண்டு முதல் கப்பற்றுறைக்கும் விரிக்கப்பட்டது.

அறிவிப்பு எவ்வாறு அமைதல் வேண்டும்?

நல்ல அறிவிப்பு நீண்டதாக இருத்தல் வேண்டுவதில்லை. ஆறு வினாக்களுக்கு விடை இருந்தாற் போதும். எப்பொருள், எவ்வளவு எடை? எவ்வளவு உயரத்தில் நிகழ்ந்தது? எதனாற் கட்டப்பட்டது, யாதாற் தூக்கப்பட்டது? காற்று, மழை, வெளிச்சம் எவ்வாறு இருந்தன? எவரெவர் எங்கெங்கே நின்றனர் அல்லது வழக்கமாக நிற்பர்? தீங்கைத் தடுத்தது யாது? இவற்றுள் இறுதி வினா மிக முக்கியமானது. தடுத்தது வேலியாயின் வேலி பயன் தந்தது. தடுத்தது தற்செயலாயின், அவ்விடத்தில் உண்மையாகவே பாதுகாப்பு யாதும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்க. இறங்குதுறையொன்றில் இரும்புக் கம்பிக் கட்டுக்கள் கப்பலிலிருந்து இறக்கப்படுகின்றன. ஒரு கட்டின் ஒருமுனை தாழ, இரு கம்பிகள் உருவித் தரையிற் குத்துகின்றன. கட்டுக்களை எண்ணிக் குறிக்கும் இலிகிதர் வழக்கமாக நிற்கும் இடம் அது. அவரோ அப்போது தேநீர் அருந்தச் சென்றிருந்தார். இதனைத் தனியே நோக்கினால் 'கட்டியவனின் கவனக்குறைவு' என்று முடிவு கூறத் தோன்றும். ஆனால் அவ்வாரத்திலேயே வேறிரு தொழிலாளர் குழுக்களும் இத்தகைய நிகழ்ச்சிகளை அறிவித்திருப்பதாகக் கொள்க. மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, மூன்றும் மழை பெய்த பின் நிகழ்ந்தன என்பதும், மூன்றிலும் வடம் கட்டை ஒருமுறை மாத்திரமே சுற்றியிருந்தது என்பதும் புலனாகும். ஈரமான இரும்பில் ஒற்றைச் சுற்று நழுவும். இரட்டைச் சுற்று இறுகப் பிடிக்கும். அன்றியும், எண்ணுபவர் பாரத்தின் கீழே நிற்க வேண்டிய தேவையே இல்லை. மூன்று வெவ்வேறு மனிதரின் 'கவனக்குறைவு' எனத் தோன்றியது, ஒரே முறையின் குறை என்று தெளிவாகின்றது. திருத்தமும் எளிது: வடத்தை இருமுறை சுற்றுதல், எண்ணுபவரின் இடத்தை மாற்றுதல், பாரம் செல்லும் வழியைக் கயிறு கட்டி மறித்தல். ஒருவரையும் தண்டியாது, பெருஞ் செலவுமின்றி, ஓர் உயிர் காக்கப்பட்டது. எவ்வுயிர் என்பது மாத்திரம் என்றும் அறியப்படாது.

இம்முறை நிலைத்தற்குச் சில நிபந்தனைகள் உண்டு. படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். எழுத இயலாதவன் வாயாற் சொன்னாலும் ஏற்கப்படல் வேண்டும். அறிவித்தவனுக்கு, அவன் அறிவிப்பால் யாது செய்யப்பட்டது என்பதைச் சில நாட்களுக்குள் திரும்பச் சொல்லுதல் வேண்டும். மறுமொழி பெறாத மடல் இரண்டாம் முறை எழுதப்படுவதில்லை. அறிவிப்புக்களின் தொகை குறைந்தமைக்குப் பரிசளித்தல் பெருந்தவறு. அது விபத்தைக் குறையாது; பேச்சையே குறைக்கும். தொடங்கிய ஆண்டில் அறிவிப்புக்கள் பெருகுமாயின் முகாமையாளர் அஞ்ச வேண்டியதில்லை. துறை கெட்டுவிட்டது என்பதன்று, தொழிலாளர் நம்பத் தொடங்கினர் என்பதே அதன் பொருளாகலாம்.

தண்டியாது விட்டால் ஒழுங்கு குலையாதோ என்று ஐயுறுவோரும் உளர். அவ்வையம் தள்ளத்தக்கதன்று. குடிபோதையிற் பாரந்தூக்கியை இயக்குபவனையும், தடை நீக்கியைத் தெரிந்தே கட்டி வைப்பவனையும் எவ்வமைப்பும் பொறுத்தல் ஆகாது. ஆனால் அத்தகையோர் சிலர். பெரும்பாலான தவறுகள், நல்ல தொழிலாளி ஒருவன், தனக்குத் தரப்பட்ட வடத்தாலும் நேரத்தாலும் இயன்றதைச் செய்கையில் நேர்வன. இவ்விரண்டையும் பிரித்தறியாது இரண்டுக்கும் ஒரே தண்டம் விதிக்கும் இடத்தில், முன்னையவன் ஒளிந்து கொள்வான். பின்னையவன் வாய் மூடுவான்.

சட்டத்தின் நிலை

1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையிற் காயமுற்றவர்க்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் ஈடு வழங்க வகை செய்தது. அது பெரும் பேறே. எனினும் அதன் கண் திறப்பது குருதி சிந்திய பின்னரே. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஒருபடி முன்சென்றது. சங்கிலி, வடம், பாரந்தூக்கி முதலியவற்றின் பாதுகாப்புக்கு விதிகள் வகுத்ததோடு, விபத்துக்களை அறிவித்தல் பற்றிய ஏற்பாடுகளை அபாயகரமான நிகழ்ச்சிகளுக்கும் விரித்தற்கு அது இடந்தந்தது. சர்வதேசத் தொழில் தாபனம் 1979ஆம் ஆண்டில் நிறைவேற்றிய துறைமுக வேலை பற்றிய 152ஆம் இலக்க உடன்படிக்கை, பாரந்தூக்குங் கருவிகள் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் முற்றாகப் பரிசோதிக்கப்படல் வேண்டும் என்றும், தூக்கத்தக்க எல்லை அவற்றின்மீது தெளிவாகப் பொறிக்கப்படல் வேண்டும் என்றும் விதித்தது. இலங்கையில் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் அமைக்கப்பெற்றது.

சட்டம் வேண்டும்; ஆயினும் சட்டம் மாத்திரம் போதாது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதகர் வருவார். வடமோ நாடோறும் தேய்கின்றது. இடைப்பட்ட நாட்களில் வடத்தைப் பார்ப்பவை கொளுக்கியை மாட்டுபவனுடைய கண்களே. அவன் கண்டதைச் சொல்ல அஞ்சாத நிலையை உண்டாக்குதல் எச்சட்டத்தினாலும் முற்றாக இயலாது. உடன் உழைப்போரின் நேர்மையாலும் மேலோரின் பொறுமையாலுமே இயலும்.

முடிவுரை

கல்லூரியினின்று வெளியேறும் மாணவருள் சிலர் பொறியியலாளராவர். சிலர் துறைமுகத்தில் இலிகிதராகவும் மேற்பார்வையாளராகவும் அமர்வர். சிலர் முகாமையாளராய் அறிக்கைகளைப் படிக்கும் இருக்கையை அடைவர். அவர்களிடம் என்றேனும் ஒரு தொழிலாளி வந்து, 'ஐயா, இன்று ஒன்று விழுந்தது. ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை' என்று தயங்கிச் சொல்லக்கூடும். அப்போது 'யார் செய்தது?' என்று கேட்பதா, 'எவ்வாறு விழுந்தது, எனக்குக் காட்டு' என்று எழுந்து அவனுடன் செல்வதா என்பதை அவர்களே தெரிவு செய்தல் வேண்டும். முதல் வினா அவனையும் அவனுக்குப் பின் வருவோரையும் ஊமையாக்கும். இரண்டாவது, ஓர் இல்லத்தின் விளக்கை அணையாது காக்கும். தலைப்பாகையோடு போனதை எழுதி வைக்கும் ஊரில்தான் தலைகள் நிலைக்கும்.